வழிவிட்டு நின்ற குருவானவர் – அலோசியஸ் ஷ்மிட் அடிகளார்



அலோசியஸ் என்ற பெயர் நமது பங்குகளுக்குப் புதியதன்று. எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளுக்கு இட்டு அழைக்கும் பெயர் அது. அப்பெயருக்குரிய புனித அலோசியஸ் கொன்சாகா 1591ஆம் ஆண்டில் உரோமாபுரியில் கொள்ளைநோய் கண்டவர்களைப் பராமரிக்கப் போய், தானும் நோயுற்று 23 வயதில் உயிர்நீத்தார் என்பதை ஞானோபதேச வகுப்பில் படித்திருப்பீர்கள். அவரது பெயரைத் தாங்கிய இன்னொருவரைப் பற்றியே இவ்வாரம் உங்களுடன் பேசப்போகிறோம். இவரும் பிறருக்காகவே உயிரைக் கொடுத்தார். அவர் ஒரு குருவானவர். அமெரிக்கக் கத்தோலிக்கர் நன்கறிந்த பெயர் அவருடையது. ஆனால் அவர் இறந்த பின் 75 வருட காலம் அவரது எலும்புகள் எந்தக் குழியில் கிடக்கின்றன என்பதை ஒருவரும் அறியவில்லை.

விவசாயி வீட்டுப் பிள்ளை

அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஐயோவா என்றொரு மாநிலம் இருக்கிறது. சோள வயல்களுக்குப் பெயர்பெற்ற இடம். அங்கே ஜேர்மனியிலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பங்கள் வாழ்ந்த சென். லூக்கஸ் என்னும் சிற்றூரில், 1909ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 4ஆம் திகதி அலோசியஸ் ஷ்மிட் பிறந்தார். கோவிலும் வயலும் வீடும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த வாழ்க்கை அது. வன்னியிலோ மன்னாரிலோ வயற்காரக் குடும்பத்தில் பிறந்து குருமடத்துக்குப் போன பிள்ளைகளை அறிந்தவர்களுக்கு, அந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள டுபியூக் நகரின் கத்தோலிக்கக் கல்லூரியில் அவர் கல்வி கற்றார். டுபியூக்கின் முதலாவது ஆயரான மத்தியாஸ் லோராஸ் ஆண்டகை 1839ஆம் ஆண்டில் தொடக்கிவைத்த கல்லூரி அது. அப்போது கொலம்பியாக் கல்லூரி எனப்பட்டது. 1939 முதல் அந்த ஆயரின் பெயரையே தாங்கி லோராஸ் கல்லூரி என வழங்குகிறது. அங்கிருந்து குருத்துவப் படிப்புக்காக உரோமாபுரிக்கு அனுப்பப்பட்ட அவர், 1935ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் குருப்பட்டம் பெற்றார். ஊர் திரும்பி டுபியூக் நகரில் துணைக் குருவாகப் பணியாற்றினார்.

1939ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் திகதி அமெரிக்கக் கடற்படையின் ஆன்ம குருவாக அவர் நியமனம் பெற்றார். ஐரோப்பாவில் யுத்தம் மூள இன்னும் இரண்டு மாதமே இருந்தது. படையின் ஆன்ம குரு ஆயுதம் ஏந்துவதில்லை. மாலுமிகளுடன் ஒரே கப்பலில் வாழ்ந்து, திருப்பலி நிறைவேற்றி, பாவசங்கீர்த்தனம் கேட்டு, வீட்டு நினைவில் வாடும் இளைஞருக்குத் துணையாக இருப்பதே அவரது வேலை. ஷ்மிட் அடிகளாருக்குக் கிடைத்த பங்கு ஒக்லஹோமா என்னும் போர்க்கப்பல். அதில் ஏறக்குறைய 1300 பேர் இருந்தனர். பெரும்பாலானோர் இருபதை ஒட்டிய வயதினர்.

அந்த ஞாயிறு காலை

1941ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 7ஆம் திகதி, திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு. பசிபிக் சமுத்திரத்தின் நடுவே ஹவாய் தீவுகளில் உள்ள பேர்ள் துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. மறுநாள் அமலோற்பவ அன்னையின் திருநாள். அடிகளார் தமது 32ஆவது பிறந்தநாளைக் கண்டு மூன்று தினங்களே ஆகியிருந்தன. அன்று காலை கப்பலில் திருப்பலி நிறைவேற்றி முடித்திருந்தார்.

காலை எட்டு மணிக்குச் சற்று முன் யப்பானிய விமானங்கள் வந்தன. ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து இரண்டு அணிகளாகக் கிளம்பிய 350க்கு மேற்பட்ட விமானங்கள் துறைமுகத்தையும் விமானத் தளங்களையும் தாக்கின. யுத்தப் பிரகடனம் எதுவும் அதற்கு முன் செய்யப்படவில்லை. அந்தக் காலைப்பொழுதில் இறந்த அமெரிக்கர் தொகை 2403.

ஒக்லஹோமா கப்பல் வரிசையின் வெளிப்புறத்தில் கட்டப்பட்டிருந்தது. தண்ணீருக்குள்ளால் பாய்ந்து வந்து வெடிக்கும் டோர்பிடோக் குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அதன் பக்கத்தைப் பிளந்தன. கால் மணி நேரத்துக்குள் அந்தப் பெரிய கப்பல் ஒரு பக்கமாகச் சரிந்து கவிழ்ந்தது. பாய்மரக் கம்பங்கள் கடலடிச் சேற்றில் குத்தி நிற்க, அடிப்பாகம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. உள்ளே நூற்றுக்கணக்கானோர் அகப்பட்டுக்கொண்டனர். மேலே இருந்தது கீழே வந்தது; கதவுகள் தலைகீழாயின; விளக்குகள் அணைந்தன; இருட்டில் எண்ணெய் கலந்த தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது.

ஒரு சிறிய யன்னல்

அடிகளாரும் மாலுமிகள் சிலரும் ஓர் அறையில் அகப்பட்டனர். வெளியேற அங்கே ஒரேயொரு வழிதான் இருந்தது: கப்பலின் பக்கத்தில் அமைந்த சிறிய வட்ட யன்னல். ஒருவர் உடலை ஒடுக்கி நுழையக்கூடிய அளவே அதற்கு. அடிகளார் மாலுமிகளை ஒவ்வொருவராகத் தூக்கி அந்த யன்னலால் வெளியே தள்ளினார். பின்னர் வெளியே நின்றவர்கள் அவரை இழுத்தெடுக்க முயன்றார்கள். ஆனால் அவரது உடல் அந்த ஒடுங்கிய யன்னலில் இறுகிச் சிக்கிக்கொண்டது.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நின்று சிந்தித்துப் பாருங்கள். பாதி உடல் வெளியே வந்துவிட்டது. சுவாசிக்கக் காற்று இருக்கிறது. கைகொடுத்து இழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். இன்னும் சிறிது முயன்றால் தப்பலாம் என்ற நம்பிக்கையும் இருந்திருக்கும். அந்த வேளையில்தான், தமக்குப் பின்னால் வேறு சிலர் வழி தேடி அந்த அறைக்குள் வந்திருப்பதை அவர் உணர்ந்தார். யன்னலை அடைத்துக்கொண்டிருப்பது தமது உடல். அது விலகாமல் அவர்கள் ஒருவரும் பிழைக்க முடியாது.

தம்மை மீண்டும் உள்ளே தள்ளிவிடும்படி வெளியே நின்றவர்களை அவர் வற்புறுத்தினார். அவர்களும் மனமின்றி அப்படியே செய்தார்கள். உள்ளே போனவர், வந்திருந்தவர்களை அந்த யன்னலால் அனுப்பினார். அவர்களுக்கு ஆசீர்வாதம் கொடுத்தபடி அமைதியாக அவர்களை ஊக்கப்படுத்தினார் என்று, பின்னர் கடற்படை அவருக்கு அளித்த பதக்கத்தின் சான்றுரை கூறுகிறது. அன்று அவரால் காப்பாற்றப்பட்டவர்கள் பன்னிருவர் என்று சொல்லப்படுகிறது. அடிகளார் வெளியே வரவில்லை.

அந்தக் கப்பலில் அன்று இறந்தவர்கள் 429 பேர். அவர்களுள் பிரான்சிஸ் பிளாகேட்டி என்ற இளம் அதிகாரியும் ஜேம்ஸ் வோர்ட் என்ற மாலுமியும் கப்பலின் பீரங்கிக் கோபுரங்களில் கையில் மின்விளக்கைப் பிடித்தபடி நின்று, மற்றவர்கள் தப்பிச் செல்ல வெளிச்சம் காட்டினார்கள். இருவருமே திரும்பவில்லை. கவிழ்ந்த கப்பலுக்குள்ளிருந்து தட்டும் ஓசை கேட்டு, ஹவாயைச் சேர்ந்த ஜூலியோ டிகாஸ்ற்றோ என்ற கப்பற்பட்டறைத் தொழிலாளியும் அவரது கூட்டாளிகளும் அதன் இரும்பு அடித்தளத்தை வெட்டித் திறந்தார்கள். அவர்களால் 32 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். குருவானவர், அதிகாரி, மாலுமி, தொழிலாளி எல்லாரும் அன்று ஒரே வேலையைத்தான் செய்தார்கள்: அடுத்தவனுக்கு வழி திறந்துவிட்டார்கள்.

நமது கரைக்கும் வந்த படை

பேர்ள் துறைமுகம் எங்கோ இருக்கிறது, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. அந்தத் தாக்குதலை நடத்திய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பற்படைதான் நான்கு மாதங்களின் பின் இந்து சமுத்திரத்துக்கு வந்தது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று காலை, கொழும்பின் மீது குண்டு வீசியது. நான்கு நாட்களின் பின் 9ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கியது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. ஹவாயில் திருவருகைக் கால ஞாயிறு. கொழும்பில் உயிர்த்த ஞாயிறு. ஆண்டவரின் நாளிலேயே இரண்டும் நடந்தன. அந்தக் காலத்தை நேரில் கண்ட பாட்டன் பாட்டிமார் சொல்லிய கதைகள் உங்களில் சிலரது குடும்பங்களில் இன்னும் இருக்கக்கூடும்.

பெயரில்லாத குழிகள்

1943ஆம் ஆண்டில் ஒக்லஹோமா கப்பல் பெரும் பிரயாசையுடன் நிமிர்த்தி மிதக்கவிடப்பட்டது. உள்ளே இறந்தவர்களின் எலும்புகள் மட்டுமே எஞ்சியிருந்தன. ஒன்றரை வருடத்துக்கு மேலாகத் தண்ணீரில் கிடந்ததால், எது எவருடையது என்று பிரித்தறிய முடியவில்லை. கப்பலிலிருந்து எடுக்கப்பட்ட பொருட்களுள் அடிகளாரின் பாடுபட்ட சுரூபமும், குருமார் நாள்தோறும் ஓதும் இலத்தீன் செபப் புத்தகமும் இருந்தன. புத்தகத்தின் அடையாள நாடா டிசெம்பர் 8ஆம் திகதிக்குரிய செபங்களில் கிடந்தது. மறுநாள் அன்னையின் திருநாளுக்காக அவர் அதை முன்னரே ஆயத்தப்படுத்தி வைத்திருந்தார் போலும்.

செபப் புத்தகத்தை அடையாளம் காண முடிந்தது. அதை ஓதியவரின் உடலை அடையாளம் காண முடியவில்லை. எலும்புகள் ஹவாயில் புதைக்கப்பட்டன. யுத்தம் முடிந்த பின் 1947இல் தோண்டியெடுத்துச் சோதித்தபோது 35 பேரை மாத்திரமே அடையாளம் காண முடிந்தது. ஏனையோர் பஞ்ச்போல் எனப்படும் தேசிய சேமக்காலையில் 46 குழிகளில் ஒன்றாகக் கலந்து அடக்கம் செய்யப்பட்டனர். கல்லறைக் கற்களில் பெயர் இல்லை. இன்னாரென்று தெரியாதவர் என்ற குறிப்பு மட்டுமே இருந்தது.

பெயர் மறக்கப்படவில்லை என்பது உண்மைதான். 1942இல் கடற்படை அடிகளாருக்கு வீரப்பதக்கம் அளித்தது. 1943இல் ஒரு கடற்படைக் கப்பலுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. 1947இல் லோராஸ் கல்லூரியில் கிறிஸ்து அரசர் சிற்றாலயம் அவரது ஞாபகமாக அர்ச்சிக்கப்பட்டது. அவரது சுரூபமும் செபப் புத்தகமும் அங்கே பேணப்பட்டன. ஆனால் குடும்பத்தாருக்குச் சென்று முழந்தாளிட ஒரு கல்லறை இருக்கவில்லை.

ஒரு முதிய மாலுமியின் பிடிவாதம்

இந்நிலையை மாற்றியவர்களுள் முக்கியமானவர் ரே எமரி என்பவர். தாக்குதல் நாளன்று ஹொனலூலு என்ற கப்பலில் இயந்திரத் துப்பாக்கியுடன் நின்று உயிர்தப்பியவர். வயது முதிர்ந்த காலத்தில் பஞ்ச்போல் சேமக்காலைக்குப் போய், அன்று இறந்தவர்களின் கல்லறைகள் எங்கே என்று விசாரித்தார். யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. சாதாரணமாக ஒருவர் அத்துடன் வீடு திரும்பியிருப்பார். எமரி திரும்பவில்லை. பழைய அடக்கப் பதிவுகளையும் வைத்தியப் பதிவுகளையும் பெற்று, எந்தக் குழியில் எந்தக் கப்பலைச் சேர்ந்தவர்கள் என்று வருடக்கணக்காக ஒப்பிட்டுப் பார்த்தார். அரசாங்கத்துக்கு எழுதினார், அலுவலகங்களுடன் வாதாடினார். அவரது முயற்சியால் முதலில் பெயரில்லாத கற்களில் கப்பலின் பெயராவது பொறிக்கப்பட்டது. 2003இல் அவர் காட்டிய ஆதாரங்களின் பேரில் ஒக்லஹோமா மாலுமிகளின் பெட்டியொன்று தோண்டியெடுக்கப்பட்டது. சிலருடையவை என எண்ணித் திறந்த அப்பெட்டியில் மிகப் பலருடைய எலும்புகள் கலந்திருந்தன. ஆயினும் சிலரை அடையாளம் காண முடிந்தது. செய்ய முடியாது என்று சொல்லப்பட்டது செய்யக்கூடியதே என நிரூபணமாயிற்று.

2007ஆம் ஆண்டு டிசெம்பர் 7ஆம் திகதி பேர்ள் துறைமுகத்தில் ஒக்லஹோமா கப்பலுக்கு ஒரு ஞாபகச் சின்னம் திறந்துவைக்கப்பட்டது. இறந்த 429 பேருக்கும் ஆளுக்கொன்றாக வெள்ளைச் சலவைக்கல் தூண்கள், ஒவ்வொன்றிலும் ஒருவரது பெயர். 2015ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் அந்தக் குழிகள் அனைத்தையும் தோண்ட அனுமதி வழங்கியது. எலும்புகளிலிருந்து மரபணுவை எடுத்து உறவினர்களின் மரபணுவுடன் ஒப்பிடும் வேலை தொடங்கியது. 350க்கு மேற்பட்டோர் ஒவ்வொருவராக அடையாளம் காணப்பட்டு உறவினரிடம் சேர்க்கப்பட்டனர். எவ்வளவு முயன்றும் பிரித்தறிய முடியாத 33 பேர் 2021ஆம் ஆண்டு டிசெம்பர் 7ஆம் திகதி, தாக்குதலின் 80ஆவது ஆண்டு நிறைவில், மரியாதையுடன் மீண்டும் பஞ்ச்போலில் அடக்கம் செய்யப்பட்டனர்.

ரே எமரி 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கடைசித் தடவையாகப் பேர்ள் துறைமுகத்தைப் பார்க்க வந்தபோது, அவருக்குத் தெரியாமலே நூற்றுக்கணக்கான மாலுமிகள் இருமருங்கும் அணிவகுத்து நின்று மரியாதை செய்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் 97ஆவது வயதில் அவர் காலமானார்.

வீடு திரும்பிய குருவானவர்

2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஷ்மிட் அடிகளாரின் எலும்புகள் அடையாளம் காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஒக்டோபர் மாதம் 8ஆம் திகதி அவரது பூதவுடலின் எச்சங்கள், அவர் கற்ற கல்லூரியில், அவரது ஞாபகமாகவே கட்டப்பட்ட கிறிஸ்து அரசர் சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. அந்த ஆலயம் 69 வருடங்கள் அவருக்காகக் காத்திருந்தது என்றே சொல்ல வேண்டும்.  உறவினர்கள் வந்து அவருக்காக மன்றாடினார்கள். அடுத்த ஆண்டில், 2017இல், வெள்ளி நட்சத்திரம் என்னும் உயர்ந்த விருதும் அவருக்கு அளிக்கப்பட்டது.

நாம் எண்ண வேண்டியது

வாசகர்களே, யுத்தத்தைப் புகழ்வதற்காக நாம் இதை எழுதவில்லை. யுத்தம் என்னவென்று நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷ்மிட் அடிகளார் ஒருவரையும் கொல்லவில்லை. அவரது வீரம் முழுவதும், தப்பிக்கொள்ளும் வாய்ப்பைக் கையில் வைத்திருந்து அதை இன்னொருவனுக்குக் கொடுத்ததில் இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் அவர் செய்தது திடீரென்று வந்த துணிவன்று. அடுத்தவனை முன்னே விடும் பழக்கம் வீட்டிலும் கோவிலிலும் சிறுவயது முதல் ஊறியிருந்தால்தான், அப்படியொரு வேளையில் அது தானாக வெளிப்படும். சாப்பாட்டு மேசையிலும் பஸ் வண்டியிலும் பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுப்பது அற்ப காரியமன்று.

இன்னொன்றும் உண்டு. பேர்ள் துறைமுகத் தாக்குதலில் உயிர்தப்பியவர்கள் இன்று மிகச் சிலரே. அரிசோனா என்ற கப்பலில் உயிர்தப்பியவர்களுள் கடைசியாக இருந்தவர் 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இறந்தார். கண்டவர்கள் போய்விட்டால், கேட்டவர்கள்தான் நினைவைக் காக்க வேண்டும். ஒரு முதியவர் பதிவேடுகளை விடாமல் புரட்டியதால் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரு கல்லறை கிடைத்தது.

நமது நாட்டிலும் கல்லறையில்லாத இறந்தோர் இருக்கிறார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள், 2004ஆம் ஆண்டின் கடற்கோளில் அள்ளுண்டு போனவர்கள், யுத்த காலத்தில் எங்கென்று தெரியாமல் போனவர்கள். கார்த்திகை மாதத்தில் மற்றவர்கள் சேமக்காலைக்குச் சென்று மெழுகுதிரி ஏற்றும்போது, எங்கே ஏற்றுவதென்று தெரியாமல் வீட்டில் ஒரு படத்துக்கு முன்னால் நிற்கும் தாய்மார் நமது பங்குகளிலேயே இருக்கிறார்கள். 75 வருடங்களின் பின்னும் ஓர் எலும்புக்குப் பெயர் சொல்ல முடிந்தது என்ற செய்தி, அவர்களது காத்திருப்பு பைத்தியக்காரத்தனம் அல்ல என்பதை நமக்குச் சொல்கிறது. காலம் போய்விட்டது, இனி மறந்துவிடுங்கள் என்று அவர்களிடம் சொல்லும் உரிமை நமக்கில்லை.

ஆகவே, ஒரு சிறு காரியத்தை உங்களிடம் கேட்கிறோம. உங்கள் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களையும், தெரிந்தால் பிறந்த திகதி, இறந்த திகதி, ஊர் ஆகியவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எங்கே அடக்கம் என்று தெரியாதவர்களை முதலில் எழுதுங்கள். மூத்தவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். மாலைச் செபத்தில் பொதுவாக இறந்தோர் எல்லாருக்காகவும் என்று முடித்துவிடாமல், ஒரு நாளைக்கு ஒரு பெயரையாவது பிள்ளைகள் காதில் விழும்படி சொல்லி மன்றாடுங்கள். ஆண்டவருக்கு எல்லாருடைய பெயரும் தெரியும். அவற்றை மறவாதிருக்க வேண்டியவர்கள் நாம்தான்.